மைலோவின் இருநிற டிராக்டர்

சோளம் விளையும் சின்ன மாவட்டமான எங்கள் கவுண்டியில் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் எந்தச் சர்ச், எத்தனை ஏக்கர் என்பதையெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி சிவப்பா பச்சையா என்பதுதான். இரண்டு டிராக்டர் கம்பெனிகளின் நிறங்கள் அவை. சிவப்பு டிராக்டர் வாங்கிய வீடு தலைமுறை தலைமுறையாகச் சிவப்புதான் வாங்கும். பச்சை வீட்டுக் கொட்டகையில் சிவப்பு டிராக்டர் மழைக்கு ஒதுங்கக்கூட இடம் கிடைக்காது. நாங்கள் பச்சை. என் தங்கை லவோன் ஒரு சிவப்பு வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது எங்கள் அப்பா யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கல்யாண விருந்தில் வாத்து வறுவலும் புளித்த முட்டைக்கோஸும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான், "பையன் நல்லவன்தான், நிறம்தான் சரியில்ல" என்று வாய் திறந்தார்.

அந்தப் பையன்தான் மைலோ ஹாயெக். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. நிறம் சரியில்லை என்று அப்பா சொன்னது எவ்வளவு உண்மை என்பது அவருக்கே தெரியாது. மைலோவின் கண்ணுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இரண்டும் அவனுக்கு ஒரே மங்கின பழுப்பு. சிவப்பா பச்சையா என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஊரில் இப்படி ஒருவனைப் பிறக்கவைத்த ஆண்டவனின் குறும்பை என்னவென்று சொல்வது!

இது லவோனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் காலுறைகளை ஜோடி சேர்த்து வைப்பவள் அவள்தான். தோட்டத்தில் தக்காளியை அவன் அழுத்திப் பார்த்துத்தான் பறிப்பான். கரியடுப்பில் இறைச்சியைப் போட்டுவிட்டு, வெந்துவிட்டதா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்பான். ஊரில் இருக்கிற ஒரே சிக்னலில் மேல்விளக்கு எரிந்தால் நில், கீழ்விளக்கு எரிந்தால் போ என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். பெண்டாட்டியைக் கேட்காமல் சட்டைகூடப் போடமாட்டான் என்று நாங்கள் அவனைக் கிண்டல் செய்வோம். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான்.

இவ்வளவு தூரம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இழுவைப் போட்டி இருக்கிறது.

கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் ஏதாவது ஓர் ஊரில் பழைய டிராக்டர்களின் இழுவைப் போட்டி நடக்கும். எல்லாம் எங்கள் அப்பன்மார் உழுத காலத்து வண்டிகள். எஞ்சினைப் பிரித்துக் கோத்து, புதிதாகப் பெயிண்ட் அடித்து, பானெட்டில் பெண்டாட்டி பெயர், நெருப்புக் கொழுந்து, சோளக்கதிர் என்று அவரவர் ஆசைக்கு வரைந்துகொண்டு வருவார்கள். ஒவ்வொரு டிராக்டரின் பின்னாலும் ஓர் எடைவண்டியைச் சங்கிலியால் மாட்டுவோம். டிராக்டர் இழுக்க இழுக்க, எடைவண்டியின் மேலிருக்கும் இரும்புப் பெட்டி முன்பக்கம் நகர்ந்து வரும். சுமை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் டிராக்டரின் மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்சக்கரம் மண்ணைத் தோண்டும், அப்படியே நின்றுவிடும். அதிக தூரம் இழுத்தவன் ஜெயித்தான். பரிசு ஒரு கோப்பை. அதைவிடப் பெரிது, அடுத்த வருஷம் வரை எல்லோர் முன்னாலும் அலட்டிக்கொள்ளலாம்.

சங்கிலி மாட்டுவது என் வேலை. டிராக்டருக்கும் எடைவண்டிக்கும் நடுவில் குனிந்து கொக்கியை மாட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். பல வருஷமாகச் செய்கிறேன், ஒரு விரல்கூடப் போகவில்லை. டிராக்டரையும் ஓட்டுபவரையும் சேர்த்து எடை போட்டுத்தான் எந்தப் பிரிவில் இழுக்கலாம் என்று சொல்வார்கள். அதனால் ஜூலை பிறந்ததுமே லவோன் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். மைலோ பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வேகவைத்த பீன்ஸ் தின்பான்.

பாதை ஓரத்தில் கொடிக்காரர் நிற்பார். பச்சைக் கொடி தூக்கினால் போகலாம். சிவப்பு தூக்கினால் அந்த நொடியே கிளட்சை மிதித்து நிற்க வேண்டும். எஞ்சின் போடும் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. கொடி தெரியாதவனுக்கு இருக்கை கிடையாது என்பது எங்கள் இழுவைப் போட்டிச் சங்கத்தின் விதி. நியாயமான விதிதான், நடுவில் குனிகிற எனக்குத்தானே அதன் அருமை தெரியும்!

மைலோவுக்கு அந்த இருக்கைதான் உயிர். வாரம் முழுக்கக் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் சோளத்தூசியை விழுங்கிக்கொண்டு ஊரார் அறுவடையை அளந்து கொட்டுகிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசத் தெரியாது. டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அவன் முதுகு தானாக நிமிரும். கேலரியில் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கண் விஷயம் வெளியே தெரிந்தால் இதெல்லாம் போய்விடும் என்று பயந்தான்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். எங்கள் கொடிக்காரர் ஃப்ளாய்டு எப்போதும் பச்சையை வலது கையிலும் சிவப்பை இடது கையிலும்தான் பிடிப்பார். மைலோ கொடியைப் பார்க்கமாட்டான், எந்தக் கை உயர்கிறது என்று பார்ப்பான். வலது கை உயர்ந்தால் போவான், இடது கை உயர்ந்தால் நிற்பான். இப்படியே எங்கள் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டினான்.

அவன் வண்டவாளம் முதலில் எட்டிப் பார்த்தது பெயிண்டில்தான்.

அந்த வருஷம் எங்கள் அக்காவுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. கூட இருந்து பார்த்துக்கொள்ள லவோன் ஒமாஹா நகரத்துக்குப் போனாள். போகும்போதே, "நான் வர்ற வரைக்கும் பெயிண்ட்ல கை வைக்காதே மைலோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கேட்டானா? எங்கள் சர்ச் விருந்தன்று நடக்கும் போட்டி நெருங்கிவிட்டது, டிராக்டர் துருவும் திட்டுமாக நிற்கிறது. பொறுக்கவில்லை அவனுக்கு.

கொட்டகையில் ஒரே அளவில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று டிராக்டருக்கு வாங்கிய சிவப்பு. இன்னொன்று, கோழிக்கூண்டுக்கும் தோட்டக் கதவுக்கும் அடிக்க லவோன் வாங்கி வைத்த அடர்பச்சை, பிறந்த வீட்டுப் பாசம். கடைக்காரர் உள்ளே இருக்கும் நிறத்தில் மூடியின்மேல் ஒரு சொட்டு வைத்துத்தான் கொடுப்பார். ஊருக்கெல்லாம் அந்தச் சொட்டு போதும். மைலோவுக்காக லவோன் காகித டேப்பில் எழுதியும் ஒட்டியிருந்தாள். கொட்டகைச் சூட்டில் அந்த டேப்புகள் எப்போதோ கழன்று குப்பையோடு போய்விட்டன. இரண்டுமே டிராக்டருக்குத்தான் என்று மைலோ முடிவுகட்டிவிட்டான். முதல் டப்பா மூக்குக்கும் பானெட்டுக்கும் சரியாக இருந்தது. இரண்டாவதைத் திறந்து மட்கார்டு, பின்பகுதி, சக்கரத்து வட்டு எல்லாவற்றுக்கும் அடித்தான். நல்ல கை அவனுக்கு. ஒரு வழிசல் இல்லை, ஒரு தூசி ஒட்டவில்லை. எட்ட நின்று பார்த்ததில் மனசு நிறைந்துபோயிற்று என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மைதானத்தில் டிரெய்லரிலிருந்து வண்டியை இறக்கினான். பன்றி வறுவல் வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எங்கள் சங்கத் தலைவர் லூமிர் தட்டும் கையுமாக வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"மைலோ, என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"என்னண்ணே, பெயிண்ட் உரிஞ்சிருக்கா?"

"உரியறதாவது! முன்னாடி பாதி சிவப்பு, பின்னாடி பாதி பச்சை. இந்த ஊருல இந்த மாதிரி ஒரு காரியத்தை எவனாவது பண்ணுவானா?"

அந்த ஒரு பேச்சில்தான் மைலோவுக்குத் தான் செய்தது புரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. என்ன சொல்வது என்று அவன் விழித்துக்கொண்டு நிற்கும்போதே லூமிர் தன் கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஓ... லவோனுக்காகவா? புருஷன் வீடு முன்னாடி, பொறந்த வீடு பின்னாடி! அப்படித்தானே?"

"ஆமாண்ணே" என்றான் மைலோ. "லவோனுக்காகத்தான்."

அவ்வளவுதான். பெண்கள் கூட்டம் உருகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் எப்படி ஒரு பாசம் பாருங்கள் என்று ஆளாளுக்குத் தங்கள் புருஷன்மாரை முறைத்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பச்சையைக் கொண்டுபோய் ஒரு சிவப்பு வண்டியில் அடித்திருக்கிறான், அதுவும் பின்பக்கத்தில்!

"ஏன் மாப்ள, எங்க நிறத்தை முன்னாடி பூச உனக்கு மனசு வரலையோ? பின்பக்கம்தான் கிடைச்சுதா?"

"மச்சான், இழுக்கற பலமெல்லாம் பின்சக்கரத்துலதானே இருக்கு?" என்றான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதே இல்லை. என் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மூக்குடைபட்டுப் போய்ச் சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

லவோனுக்கு ஊரே போன் போட்டுச் சொல்லிவிட்டது. திரும்பி வந்ததும் கொட்டகைக்குள் போய் டிராக்டரின் முன்னால் நின்றாள். நின்ற இடத்திலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். மைலோ சிவப்பு வாங்கி மேலே அடித்துவிடுகிறேன் என்றபோது வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்ன வேறொன்றும் உண்டு. இதை அவள்தான் எனக்குப் பின்னால் சொன்னாள்.

"பெயிண்ட் போனா சிரிச்சுட்டுப் போயிடலாம் மைலோ. கொடி அப்படியில்ல. ஃப்ளாய்டு வராத அன்னிக்கு என்ன பண்ணுவே?"

"அவர் எப்பவாவது வராம இருந்திருக்காரா?"

"எங்க அண்ணன் நடுவுல குனிஞ்சு நிக்கறான். அதை நெனைச்சுப் பாரு."

"ஆகஸ்ட் கண்காட்சிப் போட்டி முடியட்டும், நானே லூமிர்கிட்ட சொல்லிடறேன்" என்றான். சொல்லிவிட்டால் அதுவே தன் கடைசிப் போட்டி என்று அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு இறங்கிக்கொள்கிறேன் என்கிற ஆசை அது. லவோனும் மனசு இளகி விட்டுவிட்டாள்.

இதற்குள் மைலோவின் பெயர் பெயிண்டில் பரவிவிட்டது. இவ்வளவு துணிச்சலாக யோசிக்கிறவன் எங்கள் வண்டிக்கும் ஏதாவது புதிதாகச் செய்துகொடுக்கட்டும் என்று நாலைந்து பேர் டிராக்டரைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டார்கள். மறுக்கத் தெரியாதவன் ஒப்புக்கொண்டான். லவோன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காபிக் கோப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொல்வாள், அவன் அடிப்பான். பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலாவின் டிராக்டர் எலுமிச்சை மஞ்சளில் வெள்ளைப் பொட்டு வைத்து வெளியே வந்தபோது சாலையில் போன கார்களெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்தன. ட்வைலா அவனைக் கட்டிப்பிடித்து, "மைலோ அண்ணே, உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் என்னைக் கேளுங்க" என்றாள். அவளால் வரப்போகும் வினை அப்போது யாருக்குத் தெரியும்?

ஆகஸ்டில் கவுண்டிக் கண்காட்சி. அதற்குச் சில நாள் முன்னால் ஃப்ளாய்டு வாசல்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வந்து கேலரியின் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக யார் கொடி பிடிப்பது என்று லூமிர் கேட்டதும் ட்வைலா முந்திக்கொண்டு கை தூக்கினாள். தூக்கியது இடது கையை. அவள் இடக்கைப் பழக்கக்காரி. எழுதுவது, சாப்பிடுவது, பேருந்துக் கதவைத் திறப்பது எல்லாம் இடது கைதான். பச்சைக் கொடியை அவள் இயல்பாக இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

லவோன் பார்த்துவிட்டாள். எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு நின்றவள் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் மைலோ வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து எடைவண்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டான். வேலிக்கு வெளியே அவள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அடிபட்டுப் போயிற்று. ட்வைலா கொடியோடு நிற்பதை மைலோவும் பார்த்தான்தான். கொடிக்காரர் யாராக இருந்தாலும் பச்சையை வலது கையில்தான் பிடிப்பார்கள், அதுதான் முறை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான் அந்த அப்பாவி.

நான் சங்கிலியை மாட்டிவிட்டு ஒதுங்கினேன். ட்வைலா இடது கையைத் தூக்கினாள். பச்சைக் கொடி. மைலோ அசையவில்லை.

கேலரியில் "போ! போ!" என்று கத்தினார்கள். மைலோ கிளட்சை மிதித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கணக்கில் அவள் நில் என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஏதோ சிக்கியிருக்கிறது, அதனால்தான் அவன் கிளம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு, சங்கிலியைப் பார்ப்பதற்காக மறுபடியும் நடுவில் போய்க் குனிந்தேன். நான் உள்ளே போவதைப் பார்த்த ட்வைலா சமயோசிதமாகப் பச்சையை இறக்கிவிட்டுச் சிவப்பைத் தூக்கினாள். வலது கை உயர்ந்தது.

மைலோ கிளட்சை விட்டான்.

சங்கிலி விறைத்து என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. குப்புற விழுந்தேன். எடைவண்டி என்னை நோக்கி நகர்ந்து வருகிறது. டிராக்டரின் பின்னால் ஒரு கம்பி வளையம் தொங்கும், இழுத்தால் எஞ்சின் அணைந்துவிடும், ஆபத்துக்கு என்று வைத்திருப்பது. விழுந்த வேகத்தில் அது எப்படிக் கையில் சிக்கியதோ தெரியாது. இழுத்தேன். எஞ்சின் நின்றது. எடைவண்டியின் இரும்பு விளிம்பு என் பூட்ஸ் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மைலோ குதித்து ஓடி வந்தான். "மச்சான்! மச்சான், கால் இருக்கா?"

நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

லூமிர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மைலோ அவருக்குப் பிரியமானவன். சிவப்புக் கொடியில் வண்டியைக் கிளப்பியவனுக்கு என்ன தண்டனை என்பது அவருக்குத் தெரியும். அவனைக் காப்பாற்ற அவரே வழி காட்டினார்.

"பழைய வண்டி. கிளட்ச் வழுக்கிடுச்சு. அப்படித்தானே மைலோ?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். நானே நம்பியிருப்பேன். மைலோ கிழிந்துபோன என் பேன்ட்டையும் அதில் கசிந்த ரத்தத்தையும் பார்த்தான்.

"இல்லண்ணே. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் சரியில்ல. பொறந்ததுலேர்ந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ஃப்ளாய்டு தூக்கற கையைப் பார்த்து ஓட்டிக்கிட்டிருந்தேன். இவ கை மாத்திப் பிடிச்சிருக்கா, எனக்குத் தெரியல. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

லூமிர்தான் அன்று அறிவிப்பாளரும். சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மைலோ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒலிபெருக்கியில் கண்காட்சி முழுக்கக் கேட்டது. ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட. பிறகு மேல்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அப்போ அந்தப் பெயிண்ட்?"

மைலோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற லவோனைப் பார்த்தான். "அதுவும் தெரியாமத்தாங்க அடிச்சேன்" என்றான்.

கேலரி அதிரும்படி சிரித்தார்கள். மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. மைலோ சிரிக்கவில்லை. சங்கிலியைத் தானே கழற்றினான். தலையிலிருந்த சங்கத்துத் தொப்பியை எடுத்து லூமிர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

நான் அவனோடு பேசவில்லை. கால் வீக்கம் வடிந்தும் கோபம் வடியவில்லை. சோளத்தைக் கொட்டக் கிடங்குக்குப் போனால் தராசைப் பார்த்துப் பேசுவேன், அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன். அப்புறம் ஒருநாள் லவோன் ஆப்பிள் அப்பத்தோடு வந்தாள்.

"அண்ணே, நீ திட்டணும்னா வந்து திட்டிட்டுப் போ. அதுகூட அவனுக்கு நிம்மதியா இருக்கும். சாப்பிடறதே இல்ல. போட்டிக்காகக்கூட இப்படி இளைச்சதில்ல. கொட்டகைப் பக்கம் போறதையே விட்டுட்டான். பெயிண்டுக்கு வந்த வண்டி ரெண்டு அப்படியே நிக்குது."

"நிக்கட்டும். எனக்குக் கால் போயிருந்தா நான்கூட அப்படித்தான் கிடந்திருப்பேன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அவன் தராசுக்குப் பின்னால் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லைதான். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். என் ரத்தத்தைப் பார்த்துத்தானே உண்மையைச் சொன்னான்? அந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

அறுவடை முடிந்ததும் சங்கக் கூட்டம். ஓட்டுநர் வரிசையிலிருந்து மைலோவை எடுப்பதுதான் அன்றைய பேச்சு. லவோன் அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், வெளிக்கதவை ஒட்டி நின்றான். லூமிர் தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிக்கும் முன்னால் நான் எழுந்தேன்.

"அடிபட்ட கால் என்னுது. அதனால நான்தான் முதல்ல பேசுவேன். இவன் பண்ணது தப்பு. மறைச்சது பெரிய தப்பு. அதுக்கு இந்த சீசன் போனது போதும். நிறத்தை மாத்துங்க. வெள்ளைக் கொடின்னா போ, கறுப்புக் கொடின்னா நில். மாட்டுக்குக்கூடத் தெரியும்."

முணுமுணுப்பு கிளம்பியது. எங்கள் பச்சைக்காரர்களிலேயே ஒருவர் எழுந்து, "காலங்காலமா இருக்கற கொடி. ஒருத்தனுக்காக மாத்தறதா?" என்றார். பலரும் தலையாட்டினார்கள். லூமிருக்கும் மனசில்லாமல்தான் வந்தது பேச்சு.

"எனக்கு மட்டும் ஆசையா? ஒருத்தனுக்காக விதியை மாத்தினா நாளைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கிட்டு வருவாங்க. ஒருத்தனுக்காக முடியாதுப்பா."

"ஒருத்தன் இல்ல" என்று பின்வரிசையிலிருந்து ஃப்ளாய்டு சொன்னார். கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். "ரெண்டு பேர்."

"யாரு இன்னொருத்தன்?"

"நான்தான்."

லூமிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஃப்ளாய்டு, வெளையாடாதே. நீ கொடிக்காரன்."

"அதனாலதானே ஒருநாளும் கை மாத்திப் பிடிச்சதில்ல? பச்சைக் கொடிக்கம்புல என் பொண்டாட்டி கத்தியால ஒரு வெட்டுப் போட்டுக் குடுத்தா. விரலால தடவிப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் தூக்கினேன். மைலோ வண்டியில உக்காந்துக்கிட்டு என் கையைப் பார்த்தான். நான் அந்த வெட்டைத் தடவிக்கிட்டிருந்தேன். கொடியை யாரும் பார்க்கல."

பிறகு ஜன்னல் ஓரமாக இன்னொரு கை மெல்ல உயர்ந்தது. அவரும் ஓட்டுகிறவர்தான். அவர் பெண்டாட்டி அவரைத் திரும்பிப் பார்த்து, "அதான் நீலம்னு வாங்கிட்டு வந்த அந்த ஊதாச் சட்டையா?" என்றாள். அதற்குப் பிறகு இன்னொரு கை. எல்லாம் ஆண்கள், எல்லாம் ஊரில் பெரிய சிவப்பு, பெரிய பச்சை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவர்கள். எனக்குத் தலை சுற்றியது.

"அடப்பாவிகளா! உங்களையெல்லாம் நம்பியாடா நான் நடுவுல குனிஞ்சு சங்கிலி மாட்டிக்கிட்டிருந்தேன்!" என்று கத்தினேன்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஆகஸ்டில் கேலரியில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு. இதில் மைலோவும் இருந்தான். கதவை விட்டு நகர்ந்து உள்ளே வந்துவிட்டான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான், லவோன் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். லூமிர் மேசையைத் தட்டி, வெள்ளை கறுப்புக் கொடிக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எதிர்த்துப் பேசிய பச்சைக்காரரும் தூக்கினார்.

மே மாதம் முதல் போட்டி வந்தது. குளிர்காலம் முழுக்க மைலோ எஞ்சினைப் பிரித்து மேய்ந்திருந்தான். சங்கிலியை மாட்டினேன், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், பாதை ஓரத்துக்குப் போய் ட்வைலாவுக்குத் தலையசைத்தேன். வெள்ளைக் கொடி உயர்ந்தது. உயர்ந்த அந்தக் கணத்திலேயே மைலோ கிளட்சை விட்டான். கேலரியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைலோ எப்போதும் மற்றவர்களைவிட ஒரு மூச்சு தாமதமாகத்தான் கிளம்புவான், சுபாவமே மந்தம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எந்தக் கை, சரியான கைதானா என்று ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் பாவி மனுஷன்.

அன்று அவன் ஜெயிக்கவில்லை, இரண்டாவதாக வந்தான். பாதையின் கடைசியில் சங்கிலியைக் கழற்றப் போனேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் மண்.

"என்ன மாப்ள, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல மச்சான். நான் இன்னிக்குத்தான் கொடியைப் பார்த்தேன்" என்றான். "காத்துல எவ்வளவு அழகா ஆடுது!"

இறங்கித் தொலை, அடுத்த வண்டி நிக்குது என்று அவனைத் திட்டினேன்.